நாலாவது தரம் கூப்பிட்ட டவாலி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஊர்ப் பெயர்களைச் சொல்கிறது. பதிவு செய்து வைத்த குரல். சேலத்துக்கும் அதே ராகம், கச்சிராயபாளையத்துக்கும் அதே ராகம். ஒருத்தரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. போன வாரம் டீக்கடையில் நின்று அதைக் கேட்டு நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, சதீஷ் என்கிற இளம் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றான்.

“பாய், நீங்க மொதல்ல கோர்ட்டுல டவாலியா இருந்தீங்களாமே? கவர்மெண்டு வேலைய வுட்டுட்டு வந்தீங்கன்றாங்க. அப்ப கைல வேற வேலை இருந்துச்சா?”

“ஒண்ணும் இல்ல.”

“பயமா இல்லியா?”

“பயமா? அன்னிக்கி எனக்கு இருந்த குஷி என் கல்யாணத்தன்னிக்குக்கூட இல்லடா,” என்றேன்.

அவன் மேலே கேட்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். ஓடிப்போய் ஏறிக்கொண்டான். முப்பது வருஷத்துக்கும் மேலாக ஊரில் பாதிப்பேர் என்னைக் கேட்கிற கேள்விதான் இது. நின்றுகொண்டே பதில் சொல்லி மாளாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் தாவூத். அத்தா கடைவீதியில் குடையும் ரெக்சின் பையும் விற்றார். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கடைக்காரர்கள். முதன்முதலாகச் சம்பளம் வாங்கப்போனவன் நான்தான். கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்து முன்சீப் கோர்ட்டுக்குப் போனேன். அங்கே அலுவலகத்துக்குத் தலைவராக இருந்த சிரஸ்தார் ஐயா என்னை வாசலில் நிற்கவைத்து, “ரோட்டில் போகிற அந்த சைக்கிள்காரனைக் கூப்பிடு” என்றார். கூப்பிட்டேன். அந்த ஆள் பதறிப்போய் சைக்கிளிலிருந்து குதித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது. என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான்.

டவாலி என்றால் கோர்ட்டில் கட்சிக்காரர்களின் பெயரைக் கூப்பிடுகிறவன். வெள்ளைச் சட்டை, குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. அந்த வில்லையைத் தினமும் புளி போட்டுத் தேய்ப்பேன். கூப்பிடுவதற்கு ஒரு முறை இருந்தது. பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்ணைச் சொன்னதும் நான் வாசல்படி வரைக்கும் வரவேண்டும். படியைத் தாண்டக் கூடாது. வராந்தாவைப் பார்த்து நின்று, வாதி பெயரையும் பிரதிவாதி பெயரையும் மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்று தரமும் ஒரே சத்தம். நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. ஆள் வராவிட்டால் உள்ளே திரும்பி, “மூன்று தரம் கூப்பிட்டாச்சு, ஆள் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். அதற்குப் பிறகு முன்சீப் ஐயா பேனாவைத் திறப்பார். வராத ஆளுக்கு வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது அவன் பக்கத்தைக் கேட்காமலே முடிந்துவிடும்.

இந்த முறையை எனக்கு ஒரு வாரம் உட்காரவிடாமல் சொல்லிக்கொடுத்தவர் சிரஸ்தார் ஐயாதான். ஒல்லியான மனிதர். ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமாக ஒரு பென்சில் வைத்திருப்பார். பேசுவதைவிடப் பென்சிலால் மேஜையில் தட்டுவதுதான் அதிகம். ஒரு தட்டு தட்டினால் இங்கே வா. இரண்டு தட்டினால் வழக்குக் கட்டை எடு. மூன்று தட்டினால் வாயை மூடு. சத்தம்போட்டு ஒருத்தரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. நான் ஆரம்பத்தில் பெயரைக் கொஞ்சம் இழுத்து ராகமாகக் கூப்பிடுவேன். “பெயர் மட்டும் போதும் தாவூத். உன் கச்சேரி வேண்டாம்” என்றார். இன்னொரு நாள், தெரிந்தவர் ஒருத்தரைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டேன். பென்சில் ஒரு தட்டு தட்டியது. கிட்டே போனேன்.

“இதோ பார். ஒருத்தனுக்குக் கையைக் காட்டினால், எதிர்க்கட்சிக்காரன் உன்னை அவன் ஆள் என்பான். உன் வாய் எல்லாருக்கும் பொது. உன் கை யாருக்கும் கிடையாது.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். அந்த முறையில் தப்பே இல்லை. அதற்கு நான் சரியான ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நாலு வருஷம் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டு முகம் மலர்ந்து வந்தவன் ஒருத்தன்கூடக் கிடையாது. பெயரைச் சொன்னதுமே ஆளுக்கு உதடு காய்ந்துபோகும். பொம்பளைங்க முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். கூப்பிடாத நேரத்தில் என் வேலை, பேசுகிறவர்களைப் பார்த்து “உஷ்” என்பது. இவ்வளவு பெரிய தொண்டையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உஷ்! வீட்டில் ஒருநாள் குளியலறையிலிருந்து துண்டு கேட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். “கேஸுக்குக் கூப்புடற மாதிரி கூப்புடாதடா,” என்றார். ராத்திரி அதை நினைத்துச் சிரித்தேன். காலையில் சிரிப்பு வரவில்லை.

ஆனால் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேனா? இல்லவே இல்லை. என்னை நிரந்தரம் செய்கிற கோப்பு மேலே போயிருந்தது. அந்த ஆர்டரை நம்பித்தான் என் கல்யாணமே நின்றுகொண்டிருந்தது. சின்னசேலத்தில் வளையல் கடை வைத்திருந்த ஒரு மாமாவின் மகள் மைமூனை எனக்குப் பேசியிருந்தார்கள். “ஆர்டர் கைக்கு வரட்டும், மறுவாரமே நிக்காஹ்” என்று மாமா சொல்லியிருந்தார். மைமூனை ஒரே ஒருதரம்தான், அதுவும் கதவோரமாகத்தான் பார்த்திருந்தேன். அந்த ஒருதரமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அப்போதுதான் லட்சுமணன் வந்தார்.

லட்சுமணன் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். ஒரு துண்டு புன்செய், அதில் நாலு புளியமரம். மரம் யாருக்கு என்று பங்காளி வழக்குப் போட்டிருந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் லட்சுமணன் விடியுமுன்னே மலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையம் வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். கோர்ட் எதிரே டீக்கடையில் எனக்குப் பழக்கம். அன்று காலையிலும் ஒன்றாகத்தான் டீ குடித்தோம். அவருடைய வக்கீல் வேறொரு வழக்குக்காகக் கடலூர் போயிருந்தார். லட்சுமணனே உள்ளே வந்து நின்று, வக்கீல் வரவில்லை, இன்னொரு தேதி கொடுங்கள் என்று கேட்டால் போதும்.

“எப்ப சார் கூப்புடுவீங்க?” என்று கேட்டார்.

“பன்னெண்டுக்குள்ள வந்துரும். வராந்தாவுலயே குந்து. எங்கயும் போய்க்கினு இருக்காத.”

அவர் எங்கேயும் போகவில்லை. அதுதான் விஷயமே.

பதினொன்றரைக்கு எண் வந்தது. வாசல்படிக்கு வந்தேன். “பிரதிவாதி லட்சுமணன்!” என்றேன். பத்தடி தூரத்தில், தூணில் சாய்ந்து, முழங்காலைச் சுற்றித் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டதும் மெதுவாக இடது பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“பிரதிவாதி லட்சுமணன்!”

இப்போது வலது பக்கம் பார்த்தார். எனக்குக் கால் துடித்தது. எழுந்திருய்யா என்று மனசுக்குள் கத்தினேன். கை தானாக மேலே வந்தது. பட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“பிரதிவாதி லட்சுமணன்!”

பாதி எழுந்தார். யாரோ பெரிய மனுஷர் வரப்போகிறார், வழிவிடுவோம் என்கிற மாதிரி தூணோரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

மூன்று தரம் முடிந்துவிட்டது. உள்ளே திரும்பினேன். முன்சீப் ஐயா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. நாலு வருஷத்தில் ஆயிரம் தரம் சொன்ன வரி. வாயைத் திறந்தேன், வரவில்லை. நாலு புளியமரமும் அந்த ஒரு வரியில் போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது. திரும்பினேன், படியைத் தாண்டி வராந்தாவில் குதித்தேன், இரண்டு கையையும் நீட்டிக் கத்தினேன்.

“யோவ் லட்சுமணா! உன்னத்தான்யா! வாய்யா உள்ள!”

அந்த மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “நானா?” என்று நெஞ்சில் கையை வைத்தார். “ஆமாய்யா, நீதான்!” என்றேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார். கோர்ட்டுக்குள் சிரித்துக்கொண்டு ஓடிவந்த ஒரே பிரதிவாதி அவராகத்தான் இருப்பார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் குரலைக் கேட்டு ஒரு மனுஷர் சந்தோஷமாக வருகிறார்!

அவருக்கு இன்னொரு தேதி கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். “ஏன்யா, பேரு காதுல வுழல?”

“வுழுந்துச்சு சார். எங்கூருலயே நாலு லட்சுமணன் இருக்கான். அதுவும் இம்மாம் பெரிய சத்தமா, பட்டையெல்லாம் போட்டுக்கினு என்னப் போயி யாரு சார் கூப்புடுவாங்க? வேற யாரோ பெரிய ஆளு போலன்னு நெனச்சிக்கினேன்.”

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? டவாலி ஒரு கட்சிக்காரருக்குக் கைகாட்டி அழைத்தார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் வேலை அது. மத்தியானம் பென்சில் ஒரு தட்டு தட்டியது.

சிரஸ்தார் ஐயா என்னைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை மேஜையில் தள்ளினார். “இரண்டு வரி எழுது. தெரியாமல் செய்துவிட்டேன், இனிமேல் இப்படி நடக்காது. கையெழுத்துப் போடு. நிரந்தரக் கோப்புக்கு ஒன்றும் ஆகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.”

நல்ல மனுஷர். எனக்காக எவ்வளவு இறங்கி வந்தார் என்பது அப்போதே புரிந்தது. உட்கார்ந்தேன். ‘ஐயா’ என்று எழுதினேன். ‘தெரியாமல்’ என்று எழுத முடியவில்லை, தெரிந்துதானே செய்தேன். ‘இனிமேல் நடக்காது’ என்றும் எழுத முடியவில்லை. நாளைக்கே இன்னொரு லட்சுமணன் வந்து தூணோரம் ஒதுங்கி நின்றால் நான் மறுபடியும் குதிப்பேன். அது எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. பேனா தானாக வேறு இரண்டு வரி எழுதியது. என் சொந்த விருப்பத்தின் பேரில் இந்த வேலையிலிருந்து விலகுகிறேன், தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவர் படித்தார். பென்சிலைக் கீழே வைத்தார். அதை அவர் கீழே வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

“வேறு வேலை பார்த்து வைத்திருக்கிறாயா?”

“இல்லீங்க.”

“கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கே?”

“ஆமாங்க.”

“பைத்தியக்காரா. இது என் இழுப்பறையில் முப்பது நாள் கிடக்கும். அதற்குள் வந்து கேள், கிழித்துப் போட்டுவிடுகிறேன்.”

பட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த நேரத்தை என்ன சொல்வது! வெயில் மண்டையைப் பிளக்கிறது, எனக்கோ ஆகாயத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது. கால் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. கச்சிராயபாளையம் போகிற பஸ் பாதி காலியாக நின்றது. உள்ளே ஜன்னலோரம் லட்சுமணன். எனக்கு என்ன தோன்றியதோ, படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

“வடக்கனந்தல், கச்சிராயபாளையம்! வா வா வா! மலைக்குப் போறவங்கல்லாம் வா!”

இழுத்தேன். ராகம் போட்டேன். தடுக்கப் பென்சில் இல்லை. பூக்கூடையோடு ஒரு அம்மா ஓடிவந்தார். ரிஷிவந்தியம் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கூட ஒரு நிமிஷம் எழுந்துவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டு வருகிறார்கள்! கண்டக்டர் என்னைப் பார்த்து, “யாருய்யா நீ, நல்லா கீதே தொண்டை” என்றார். பஸ் ஐந்து நிமிஷத்தில் நிறைந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டில் வேறு கதை. அத்தா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். கடைக்கு வருகிறவர்கள் குடை வாங்காமல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், காலணா ஆதாயம் இல்லாமல், கூப்பிட்டுவிட்டு வந்தேன். இருபத்தைந்தாம் நாள் சின்னசேலத்து மாமா வந்தார். டீயைக்கூடத் தொடவில்லை.

“தம்பி, கோர்ட்டுல வேலை செய்யுற புள்ளன்னுதான் நான் ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன். பஸ் ஸ்டாண்டுல கூவிக்கினு இருக்கற ஆளுக்கு எப்படி பொண்ணு குடுப்பேன்? அந்தக் காயிதத்த திருப்பி வாங்கிக்க. இல்லன்னா நம்ம பேச்ச இத்தோட வுட்டுரலாம்.”

குஷியெல்லாம் வடிந்துவிட்டது. நாலு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மைமூனை நினைத்தால் காகிதத்தை வாங்கிவிடலாம் என்றிருக்கும். ‘இனிமேல் நடக்காது’ என்கிற வரியை நினைத்தால் கால் கோர்ட்டுப் பக்கம் நகராது.

இருபத்தொன்பதாம் நாள் மைமூனின் அண்ணன் வந்தார். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

“மச்சான், அத்தாக்குத் தெரியாது. தங்கச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கினு வரச் சொல்லுச்சு. வேலைய நீங்க வுட்டீங்களா, அவங்க வுட வெச்சாங்களா?”

“நானேதான் வுட்டேன். மன்னிப்பு எழுதுன்னாங்க, எழுதல. எழுதியிருந்தா ஆர்டரே வந்திருக்கும்.”

“அதுக்கும் தங்கச்சி பதில் சொல்லி அனுப்பியிருக்கு. தொரத்திவுட்ட ஆளுன்னா நான் ஒத்துக்க மாட்டேன். தானா வுட்டவருன்னா, என்ன நெனச்சி திரும்பப் போயி கேக்க வேணாம்னு சொல்லுங்கன்னு.”

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “அத்தா ஒத்துக்குவாரான்னு தெரியாது மச்சான்” என்று என் தோளுக்கு மேலே சொல்லிக்கொண்டே இருந்தார்.

முப்பதாம் நாள் காலையில் கோர்ட்டுக்குப் போனேன். வராந்தாவில், லட்சுமணன் உட்கார்ந்த அதே தூணோரம் நின்றேன். புதிதாக ஒருத்தர் பட்டை போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்று கூப்பிட்டார். மூன்று தரம், ஒரே சத்தம், நடுவில் ஒரு மூச்சு. என்னைவிடச் சுத்தமாகக் கூப்பிட்டார். அதைக் கேட்டு எனக்குப் பொறாமை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. உள்ளே போனேன்.

சிரஸ்தார் ஐயா இழுப்பறையைத் திறந்து, காகிதத்தை எடுத்து, கிழிப்பதற்குத் தயாராக இரண்டு கையாலும் பிடித்தார்.

“அனுப்பிடுங்க ஐயா,” என்றேன்.

அவர் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு பென்சிலின் நீலப் பக்கத்தைத் திருப்பி ஓரத்தில் ஏதோ குறித்து, கோப்பில் வைத்தார். மூன்று தட்டு தட்டினார். வாயை மூடு என்று அர்த்தம். நான் அப்போது பேசிக்கொண்டிருக்கவில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்டக்டர் லைசென்ஸ் வாங்க முதலுதவிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அம்மாவின் கையிலும் காலிலும் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டுப்போடப் பழகினேன். ஆறாம் மாதம் ஒரு தனியார் பஸ்ஸில், வெள்ளிமலை வரைக்கும் போகிற தடத்தில் வேலை. மறுவருஷம் மைமூனோடு நிக்காஹ். மாமா கடைசிவரை என்னைக் கண்டக்டர் என்று சொல்லாமல், “மாப்ள போக்குவரத்துல இருக்காரு” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். லட்சுமணன் பங்காளியோடு சமாதானமாகி ஆளுக்கு இரண்டு மரம் எடுத்துக்கொண்டதை என் பஸ்ஸிலேயே வந்து சொன்னார். முப்பத்தோரு வருஷம் கூப்பிட்டேன். மலைமேல் மூட்டையோடு யாராவது தூரத்தில் வருவது தெரிந்தால், நாலாவது தரமும் கூப்பிடுவேன், ஐந்தாவது தரமும் கூப்பிடுவேன். டிரைவர்கள் என்னைத் திட்டாத நாள் இல்லை.

பஸ் வேலையில் சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒருநாள் காலை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் சிரஸ்தார் ஐயா உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்தில் அவருடைய மனைவி, ஒரு பை, மடக்கிய குடை. மலையில் ஒரு கல்யாணமாம், அது பிறகுதான் தெரிந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “வெள்ளிமலை! வெள்ளிமலை போறவங்க வாங்க!” என்று அவர் பக்கம் பார்த்தே கூப்பிட்டேன். அவர் அசையவில்லை. இன்னொரு தரம். மனைவி எழுந்தார், இவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டேன். நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாவம், காது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினேன். “ஐயா, நம்ம பஸ்ஸுதாங்க, வாங்க!” என்று கத்தி, குனிந்து கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. அதற்கு முன் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“காது நன்றாகத்தான் இருக்கிறது தாவூத். மூன்றையும் கேட்டேன். நாலாவது வருகிறதா என்று பார்த்தேன்.”

இருவரையும் முன் சீட்டில் உட்காரவைத்தேன். விசிலை வாயில் வைத்தேன், ஊத வரவில்லை. நான் ‘ரைட்’ சொல்லட்டும் என்று டிரைவர் திட்டாமல் காத்திருந்த ஒரே நாள் அதுதான்.